பட்டறைக் கணக்குத் தரவுத்தளத்தை டாக்கரில் வைக்கலாமா?

காரைக்குடி:
ஆத்தங்குடி டைல்ஸ் வார்க்கும் ஒரு பட்டறைக்கு ஆர்டர், இருப்பு, கூலி ஆகியவற்றைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறேன். அங்கு சர்வராக இருக்கப்போவது ஒரே ஒரு லினக்ஸ் கணினிதான். மென்பொருளோடு, கணக்கைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் டாக்கர் கன்டெய்னரிலேயே (ஒரு நிரலை, அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஓடவிட நினைக்கிறேன். வேண்டாம் என்போர் காரணத்தையும் எழுத வேண்டுகிறேன்.

தேவகோட்டை:
வேண்டாம். கன்டெய்னர் என்பது எந்த நேரமும் அழித்துவிட்டு மறுபடி எழுப்பத்தக்கதாக அமைந்தது. கணக்கோ அழியவே கூடாதது. நம் ஊர் வீடுகளில் பந்தலை எத்தனை முறை போட்டுப் பிரித்தாலும் இரும்புப் பெட்டகம் இருந்த இடத்தில்தான் இருக்கும். நான் பராமரித்த ஒரு கடையில், கம்போஸில் (கன்டெய்னர்களை ஒரு கோப்பிலிருந்து இயக்கும் டாக்கர் கருவி) அவற்றை நிறுத்தி நீக்கும் கட்டளையோடு 'வி' என்ற ஒற்றை எழுத்தை ஒருவர் சேர்த்துவிட்டதால், கன்டெய்னரோடு, தரவை வைக்க டாக்கர் ஒதுக்கும் இடமான வால்யூமும் போய், இரண்டு மாத விற்பனையைக் காகிதச் சீட்டுகளிலிருந்து திரும்ப ஏற்றினோம்.

பள்ளத்தூர்:
தங்கள் உவமையையே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. பந்தல்தான் கன்டெய்னர், பெட்டகம் அதற்கு வெளியே இருக்கும் தரவுக் கோப்புறை. கணினியிலுள்ள ஒரு கோப்புறையை நேரடியாகக் கன்டெய்னருக்குள் இணைத்திருந்தால், அந்த 'வி' அதைத் தொட்டிருக்காது. வேகம் குறையும் என்ற அச்சமும் வேண்டியதில்லை. லினக்ஸில் கன்டெய்னர் தனிக் கணினி அன்று. கணினியின் அதே கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் சாதாரணச் செயல்தான். தரவு வெளிக் கோப்புறையில் இருக்கும்போது, கன்டெய்னரை எழுப்ப அச்சாக இருக்கும் இமேஜின் அடுக்குக் கோப்பு முறையும் குறுக்கே வராது.

தேவகோட்டை:
வேகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை; சொல்லாமலே செயல்படும் இயல்பமைப்புகளைப் பற்றித்தான் கவலை. டாக்கரை நிறுத்தச் சொன்னால், 10 விநாடி காத்திருந்துவிட்டுச் செயலைக் கொன்றுவிடும். தரவுத்தளம் நினைவகத்திலுள்ள பக்கங்களை வட்டில் எழுதி முடிக்க அதற்கு மேலும் ஆகலாம். செயல்கள் தமக்குள் பகிரும் நினைவகமும் இயல்பாக 64 எம்பிதான். ஒரு பெரிய அறிக்கை பல செயல்களாகப் பிரிந்து ஓடும்போது அங்கே முட்டி நிற்கும்.

பள்ளத்தூர்:
இரண்டையும் கம்போஸ் கோப்பில் ஒவ்வொரு வரியில் மாற்றலாம். பாதியில் கொல்லப்பட்டாலும் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் குறிப்பிலிருந்து மீண்டெழும்; பட்டறையில் மின்சாரம் போனாலும் நடப்பது அதுதானே?

தேவகோட்டை:
அந்த வரிகளை எழுத வேண்டும் என்று அறிந்தவர் இன்று இருக்கிறார். மூன்று ஆண்டு கழித்து யார் இருப்பார்? பதிப்பு உயர்த்துவதைப் பாருங்கள். இமேஜின் எண்ணை 15 இலிருந்து 16 ஆக மாற்றினால் பழைய தரவை அது திறக்காது. மாற்றித் தரும் கருவிக்கு இரண்டு பதிப்பின் நிரல்களும் வேண்டும். வழக்கமான இமேஜில் ஒன்றுதான் இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நேரடியாக நிறுவினால் இரண்டும் அருகருகே இருக்கும். ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். இமேஜ் சிறியதாக இருக்கிறதே என்று டெபியன் இமேஜிலிருந்து ஆல்பைன் என்ற வேறொரு லினக்ஸ் வகையின் இமேஜுக்குத் தாவுவது இன்னும் மோசம்: எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறுவதால், தேடலுக்கு உதவும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸ் சத்தமின்றிப் பிழைபடும். தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது இருக்கும் வாடிக்கையாளரையே இல்லை என்று சொல்லிவிடும்.

பள்ளத்தூர்:
பதிப்பு உயர்த்துவது குறித்துத் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதில் கன்டெய்னர் சுமைதான். ஆனால் நிரல் எழுதும் கணினியிலும் பட்டறையிலும் அதே பதிப்பை அப்படியே எழுப்பும் வசதியை விட எனக்கு மனம் வரவில்லை. சோதனைக்கேனும் கன்டெய்னரையே வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி:
இருவருக்கும் நன்றி. அங்கே சர்வரைப் பார்க்கப்போகிறவர் கணக்கு எழுதும் அக்கா ஒருவர்தான். ஆகவே பட்டறையில் போஸ்ட்கிரெஸை டெபியனில் நேரடியாக நிறுவுகிறேன். மென்பொருள் மட்டும் கன்டெய்னரில் ஓடும். சோதனை முழுவதும் டாக்கரில். இரவுதோறும் பேக்கப் எடுத்து வெளி வட்டில் வைக்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

பள்ளத்தூர்:
அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு முறையாவது தரவை மீட்டுப் பார்த்தீர்களா?

காரைக்குடி:
இல்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று ஒரு வெற்றுக் கன்டெய்னரில் மீட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.