கொழும்பு வெக்கையில் விறகு காய வைத்த கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை

2022 ஏப்ரலில் காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் அதே கதைதான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவில் ஒரு மாமரத்தைத் தறித்தார்கள். "எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளை" என்று நாலைந்து அந்தர் (ஓர் அந்தர் ஏறக்குறைய ஐம்பது கிலோ) தந்தார்கள். ஆள் பிடித்துப் பிளப்பித்து, பின்சுவரோடு ஒட்டி அடுக்கி, பின்னேர மழைக்குப் பயந்து தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். சித்திரை வெயிலில் தறப்பாளைத் தொட்டால் கை சுட்டது. மூன்று கிழமையில் காய்ந்துவிடும் என்று நம்பினேன்.

அவிழ்த்தபோது புளித்த கள் மணம். தறப்பாளின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. விறகில் வெள்ளைப் பூஞ்சணம், சுவரோடு ஒட்டியிருந்த வரிசையில் காது மாதிரிக் காளான் வேறு. அடுப்பில் வைத்தால் வெட்டுமுனையில் நுரை தள்ளிச் சுர்ரென்றது. ஒரு பானை சோறு வேக ஒன்றரை மணித்தியாலம். மேல்மாடிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமி ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீ விறகைக் காய வைக்கேல்லைப் பிள்ளை, அவிச்சிருக்கிறாய்" என்றா.

அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கினோம். கீழே செங்கல் வைத்து அதன்மேல் இரண்டு நீட்டுத் தடி. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒழுங்கையிலிருந்து கடற்காற்று நுழையும் பக்கம் வெட்டுமுனை பார்க்க அடுக்கினோம். தொடை மொத்தத்தில் கிடந்ததை எல்லாம் திரும்பவும் பிளந்து கை மொத்தமாக்கினோம். மேலே மட்டும் ஒரு பழைய தகரம், பக்கங்கள் திறந்தபடி.

எனக்கு நம்பிக்கை வராததால் ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டி, மீன் நிறுக்கும் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்தேன். தொடக்கத்தில் 2 கிலோ 150 கிராம். முதல் கிழமையிலேயே 180 கிராம் போனது. அப்புறம் மெல்ல மெல்ல. ஜூனில் ஐந்து நாள் விடாமல் பெய்தபோது 30 கிராம் கூடியது, தராசு பழுது என்றுதான் நினைத்தேன். ஆவணி முடிவில் 1 கிலோ 450, அதற்குக் கீழே அது அசையவேயில்லை.

உங்களுக்கு எப்படி?

கொட்டாஞ்சேனை

நான் மொட்டைமாடியில் அடுக்கினேன் அக்கா, காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மேலே போட்ட தறப்பாள் நடுவில் தொய்ந்து, மழைத்தண்ணீர் குளமாக நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. டெங்கு பார்க்க வந்தவர் டோர்ச் அடித்துக் காட்டினார், உள்ளே நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நல்லகாலம், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். இப்போது தகரம்தான், அதுவும் சரித்து.

தெஹிவளை

அப்பா போறணையில் வேலை செய்தவர், பாண் போறணை. அங்கே பெரும்பாலும் றப்பர் விறகு. மலிவு, பிளக்கவும் சுகம், ஆனால் பச்சையாகக் கிடந்தால் சில நாட்களிலேயே நீலக்கறை பிடிக்கும், அப்புறம் வண்டு. அடுக்குக்குக் கீழே மா சலித்த மாதிரித் தூள் விழுந்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதிரை மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்.

நாளைக்கு எரிக்கிற விறகை இன்றைக்கே போறணைச் சூட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள். வெளியில் எவ்வளவு காய்ந்ததென்றாலும் கடைசி ஈரத்தை அந்தச் சூடுதான் எடுக்கும். நான் வீட்டில் அடுப்பு மேட்டின் ஓரத்தில் மூன்று நாள் விறகு வைத்திருப்பேன், நெருப்பு எட்டாத தூரத்தில்.

வெள்ளவத்தை அக்காவின் தராசு பழுதில்லை. நான் மர வேலைக்காரன், பலகையிலும் இதுதான் நடக்கிறது. காற்றின் ஈரப்பதனுக்கு ஏற்ற இடத்தில் மரம் நின்றுவிடும். வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 16 வீதத்தில் நிற்கும். மழைக் கிழமையில் காற்றிலிருந்து திரும்பக் குடிக்கும். விறகுக்கு 20 வீதத்துக்குக் கீழே வந்தாலே போதும், அதனால் கொழும்பிலும் காயும். தறப்பாளுக்குள்ளே காற்று நிறைய நீர், அது போக வழியில்லை. வெயில் சூட்டில் மரத்திலிருந்து வெளியே வந்த ஈரம் அங்கேயே துளித்துத் திரும்ப விறகில்தான் விழுந்திருக்கும். மாமி சொன்ன "அவிச்சிருக்கிறாய்" சரியான சொல்.

வத்தளை

எங்கள் ஊரில் சோளகம் வீசத் தொடங்கினால் பச்சை மட்டைகூட சடசடவென்று காயும். அதே தென்மேல் காற்றுத்தான் கொழும்புக்கு மழையைக் கொண்டு வருகிறது! இங்கே வந்த முதல் வருஷம் ஊர்க் கணக்கில் வைகாசியில் விறகு இறக்கி ஏமாந்தேன். இப்போது கிறிஸ்மஸ் முடிந்ததும் வாங்குகிறேன், தை மாசி இரண்டும்தான் இங்கே விறகு நன்றாகக் காயும் மாதங்கள். மழைக்காலத்துக்குக் கறுவாத் தடி கிடைத்தால் விடாதீர்கள். பட்டை உரித்துவிட்ட மெல்லிய தடி, கெதியாகக் காயும். பொச்சுமட்டை, சிரட்டை எப்போதும் ஒரு சாக்கு இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை

அதெல்லாம் சரி, தராசு இல்லாதவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

வெள்ளவத்தை

தம்பி, மாமி இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவா. டொக் என்று அமுங்கின சத்தம் என்றால் திரும்ப அடுக்கு. டங் என்று மணி மாதிரிக் கேட்டால் அடுப்புக்கு. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பக் கழன்று வரும். வெடிப்பை மட்டும் நம்பாதீர்கள், முனை முதலில் காயும், நடு ஈரமாகவே இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிளந்து உள்முகத்தைக் கன்னத்தில் வையுங்கள், குளிர்ந்தால் ஈரம்.

காஸ் திரும்ப வந்த பிறகு மிச்சத்தைத் தைப்பொங்கலுக்கு என்று வைத்தேன். 2023 தையில் முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பற்றவைத்தோம், ஒரு நெருப்புக்குச்சி போதுமாக இருந்தது. மேல்மாடிக்காரர் கதவைத் தட்டவில்லை, பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அடுப்பு எரிந்ததே தெரியும் என்றார்.

இன்னும் அரை அந்தர் கிடக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் யாருக்காவது தேவையென்றால் எழுதுங்கள், தரலாம். அடி வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே ஒரு அரணை குடியிருக்கிறது.