புதுப்பிப்பு: பெரம்பூர் பூங்காவில் கட்டாமல் விடப்படும் வளர்ப்பு நாய்கள்

பெரம்பூரில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் மாலை வேளைகளில் வளர்ப்பு நாய்களைச் சங்கிலியின்றி ஓடவிடுவதையும், நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் அதனால் மிரண்டு ஒதுங்குவதையும் முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் நடந்தவற்றை இங்கே சேர்க்கிறேன்.

குடியிருப்போர் சிலர் சேர்ந்து நாய் வளர்ப்பவர்களிடம் நேரில் பேசினோம். பெரும்பாலோர் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை அவருக்கு நினைவுபடுத்தினோம். தம் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ உடலுக்குக் கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு, நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பதையும் எடுத்துச் சொன்னோம். இப்போது அவரும் சங்கிலியோடுதான் வருகிறார்.

ஆனால், நீளும் கயிற்றை முழுவதும் விட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு லாப்ரடார், கழுத்துப்பட்டை தளர்ந்திருந்ததால், பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு பேப்பர் மில்ஸ் சாலைப் பக்கம் பாய்ந்தது. ஷேர் ஆட்டோக்காரர் சட்டென நிறுத்தியதால்தான் அந்த வாயில்லா ஜீவன் பிழைத்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி போதும் என்பதை வளர்ப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

வாயிலில் அறிவிப்புப் பலகை வைக்கக் கோரி மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.