அடிக்கணக்கா, கிலோ கணக்கா? வேலி போட்ட கதைகள்

முருங்கைத்தோட்டம் (ஒட்டன்சத்திரம் பக்கம்):

ஒன்றரை ஏக்கர் முருங்கை. ஆடுகள் கொழுந்தைத் தின்று தீர்த்ததில் மனம் வெறுத்துப்போய் கம்பி வேலி போடலாம் என்று இறங்கினேன். மூன்று பேரிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் "வேலிக்கால், வலை, கூலி எல்லாம் சேர்த்து அடிக்கு இவ்வளவு" என்றார்கள். மூன்றாமவர் கம்பிக்குக் கிலோ கணக்கு, காலுக்கு எண்ணிக்கை, கூலி தனி என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததுமே தலை சுற்றியது. அடிக்கணக்குக்காரர்களில் ஒருவரைப் பிடித்தேன். சுற்றளவு 1,080 அடி. பெருக்கினால் தொகை வந்துவிடும், எளிது என்று நினைத்தேன்.

வேலை தொடங்கும் முன்னால் அவர் சொன்னது இது: "கம்பித் தடிமன் 12 கேஜ்தான் பேசியிருக்கோம். சார் நல்ல மனுசன், அதே விலைக்கு 14 கேஜே போட்டுத் தர்றேன்." மனம் நெகிழ்ந்து டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 12 கேஜ் 2.64 மி.மீ., 14 கேஜ் 2.03 மி.மீ. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். எடையில் பத்து கிலோ வர வேண்டிய இடத்தில் ஆறு கிலோதான் வரும். அடிக்கணக்கில் கம்பி எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவும் அவருக்கு மிச்சம்.

அதோடு விட்டாரா? டைமண்ட் வலையை இழுக்க இழுக்க நீளம் கூடும், உயரம் குறையும். ஐந்தடி வலை என்று வந்தது கட்டி முடித்த பிறகு அளந்தால் நாலரை அடி சொச்சம். மூலைக்கால்களுக்குச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால் கொடுக்கவில்லை. கம்பியின் இழுவை முழுவதும் மூலையில்தானே சேரும்? ஐப்பசி மழையில் மண் இளகியதும் கிழக்கு மூலைக்கால் தோட்டத்துக்குள் தலை குனிந்து நின்றது. போன் செய்தால் "வெள்ளிக்கிழமை வர்றேன் சார்" என்பார். எந்த வெள்ளி என்று மட்டும் சொல்ல மாட்டார். பணம் முழுவதையும் முன்பே கொடுத்துவிட்டேன், அதுதான் காரணம். மூலைப் பக்கத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். கிலோ கணக்கில் விட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி):

நான் கிலோ கணக்கில் விட்டவன். அதில் ஆசை எதிர்ப்பக்கம் இழுக்கும், கம்பி கூடக் கூட வேலிக்காரருக்கு மிச்சம், அவ்வளவுதான். ஐந்து வரி முள்கம்பி போதும் என்ற இடத்தில் ஏழு வரி ஓட்டச் சொன்னார். ஒட்டுப்போடும் இடத்தில் ஒரு முழத்துக்குப் பதில் மூன்று முழம் சுற்றினார். மிஞ்சிய சுருள் அவர் வண்டியில் ஏறப்போனது. நல்லவேளை, பருத்திக் கமிஷன் கடைத் தராசில் வந்த சுருள்களையெல்லாம் போட்டு எடை எழுதி வைத்திருந்தேன். மிச்சத்தையும் அதே தராசில் போட்டுக் கழித்தேன். மனிதர் முகம் சுருங்கினாலும் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் எனக்கு அடி விழுந்தது குழியில். அவர் செம்மண் ஊர்க்காரர், ஒன்றரை அடிக் குழி போதும் என்றார். கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். ஒரே வருடத்தில் கால்கள் பல்வரிசை போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. மறுபடி இரண்டரை அடி தோண்டி, ஜல்லிக் கலவை போட்டு நட்டோம். காலுக்கு இவ்வளவு என்று பேசினால் குழி ஆழத்தையும் சேர்த்துப் பேசுங்கள் அண்ணே. இல்லையென்றால் குழியில்தான் மிச்சம் பிடிப்பார்கள்.

சாந்தி அக்கா (திண்டிவனம்):

எங்கள் காண்ட்ராக்டர் நல்லவர்தான். கம்பியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நில எல்லையைக் காட்டும் அத்துக்கல் காணோம் என்றதும், "நான் பார்க்காத நிலமா" என்று பனைமரத்திலிருந்து வரப்பு மூலைக்குக் கயிறு கட்டி நட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து நிலம் எங்கள் சித்தப்பா முறை ஆனவருடையது. 42 கால் நட்ட பிறகு அவர் வந்து நின்றார். கத்தவில்லை. "என் பங்குலயும் சேர்த்து வேலி போடுறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நிலம் அளக்க இ-சேவை மையத்தில் மனு கொடுத்து, சர்வேயர் வந்து வரைபடத்தோடு சங்கிலி பிடித்தால், ஒரு முனையில் மூன்றடி நாங்கள்தான் அவர் நிலத்துக்குள் போயிருந்தோம். அத்தனை காலையும் பிடுங்கி மறுபடி நட்டோம். நட்ட கூலி, பிடுங்கிய கூலி, திரும்ப நட்ட கூலி. அந்தக் கயிறு யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

மலையடிவாரம் (தர்மபுரி மாவட்டம்):

இங்கே ஆடு இல்லை, பன்றியும் யானையும். சோலார் வேலி போட வந்தவர், "பேட்டரி எல்லாம் தண்டச்செலவு, மோட்டார் லைன்லயே ஒரு ஒயரை இழுத்துடுவோம், ராத்திரி மட்டும்" என்றார். அன்றே அனுப்பிவிட்டேன். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி இழுத்த வேலியில் மூன்று யானைகள் செத்தன. பக்கத்திலேயே இரண்டு குட்டிகள் நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சோலார் வேலிப் பெட்டி நொடிக்கு ஒருமுறை கண நேரம் சுண்டிவிட்டு நிறுத்தும். தொட்டது உதறிக்கொண்டு ஓட நேரம் இருக்கும். லைன் கரண்டில் அந்த இடைவெளி இல்லை, மாட்டினால் மாட்டியதுதான். அந்த ஆண்டே மின்வேலிக்குப் பதிவு கட்டாயம் என்று அரசு விதியும் கொண்டுவந்தது.

முருங்கைத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த மூன்றாமவரையே தேடிப் போனேன். சிரித்துக்கொண்டே பழைய தாளின் நகலை எடுத்து நீட்டினார். முட்டுக்கால் எண்ணிக்கை, குழி ஆழம், கேஜ் எல்லாம் அன்றைக்கே எழுதியிருக்கிறார், நான்தான் படிக்கவில்லை. மிச்சக் கம்பி எனக்கு, கால்வாசிப் பணம் ஒரு மழை பார்த்த பிறகு என்றேன். முதலாவதற்கு உடனே சரி என்றார். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மழை வரலைன்னா?" என்று கேட்டார். கார்த்திகை முதல் தேதி, மழை வந்தாலும் வராவிட்டாலும், என்று அந்தத் தாளிலேயே எழுதிக்கொண்டோம். திங்கள்கிழமை குழி தோண்டுகிறார்கள். கம்பித் தடிமனை அளக்க மகனிடமிருந்து வெர்னியர் அளவுகோலை வாங்கி வைத்திருக்கிறேன்.