அப்பாவைச் சேர்க்காத குரூப்

இரவு 9.12

பெரியக்கா சென்னை: அப்பா போன் பண்ணினார். அம்மாவோட டெத் சர்டிபிகேட் ஒரிஜினல் எங்கேன்னு கேட்டார்

பெரியக்கா சென்னை: பென்ஷன் ஆபீஸுக்கான்னேன். இல்லம்மா, வயலூர் கோயில்ல கல்யாணத்துக்குக் கேக்கறாங்கங்கிறார்

தம்பி துபாய்: யார் கல்யாணம்?

பெரியக்கா சென்னை: அவரோடதுதான்டா

பெரியக்கா சென்னை: ஆவணி முகூர்த்தமாம். அம்மா போய் எட்டு மாசம். தலைத் தெவசம்கூட ஆகல. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னு நமக்குச் சொன்னதே அவர்தான்

நான்: பொண்ணு யாரு?

பெரியக்கா சென்னை: உறையூர்ல ரிட்டயர்டு டீச்சர். வீட்டுக்காரர் தவறிட்டார், பிள்ளைங்க இல்ல. அத்தைக்குத் தெரிஞ்சவங்களாம்

தம்பி துபாய்: அத்தைக்கா???

தம்பி துபாய்: அப்ப பொன்மலை வீடு?

பெரியக்கா சென்னை: ஆரம்பிச்சுட்டான்

நான்: வீடு அம்மா பேர்ல இருக்கு, உயில் எழுதல. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நம்ம மூணு பேருக்கும் அப்பாவுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அவர் கல்யாணம் பண்ணிக்கிட்டா நம்ம முக்கால் எங்கயும் போகாது. அவரும் உயில் எழுதலேன்னா அவர் கால் பங்குல நாலுல ஒண்ணு அந்தம்மாவுக்கு. மொத்த வீட்டுல பதினாறுல ஒண்ணு. போதுமா?

தம்பி துபாய்: பென்ஷன்?

நான்: ரயில்வேல ரிட்டயர் ஆனப்புறம் கட்டிக்கிட்டவங்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கல்யாணத்தைப் பதிவு பண்ணி பேர் சேர்க்கணும். அவங்களுக்குப் போகலேன்னா உனக்கு வரும்னு நினைக்காதே

பெரியக்கா சென்னை: நீங்க கணக்குப் போடுங்க. அம்மா பீரோவுல இன்னொருத்தி புடவை அடுக்குவான்னு நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது

*அத்தை லால்குடியை நீங்கள் சேர்த்தீர்கள்*

பெரியக்கா சென்னை: எதுக்குடி சேர்த்தே

அத்தை லால்குடி: எல்லாம் படிக்க முடியல, ஆனா என்ன பேசியிருப்பீங்கன்னு தெரியும். பேச்சை எடுத்தது உங்கப்பா இல்ல, நான்

அத்தை லால்குடி: பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே மூணு பேரும் கிளம்பிட்டீங்க. குறை சொல்லல, வேலை இருக்கு. மாசியில நான் போனப்ப மெஸ் பார்சலை மதியம் பாதி, ராத்திரி பாதின்னு சாப்பிட்டுட்டு இருந்தார். சர்க்கரை மாத்திரை தீர்ந்து எத்தனை நாளோ

பெரியக்கா சென்னை: என்கூட வந்துடுங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன் அத்தை

அத்தை லால்குடி: கூப்பிட்டே. உன் பிளாட்ல உக்காந்து யார்கூடப் பேசுவார்? அவருக்கு ஒர்க்‌ஷாப் ஆளுங்க வேணும்

பெரியக்கா சென்னை: ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்ல

அத்தை லால்குடி: அதுல நியாயம் உன் பக்கம்தான். தையில வெச்சுக்கலாம்னுதான் நானும் சொன்னேன். அதுக்குள்ள அந்தம்மா தெருவுல நாலு பேர் வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பிச்சுட்டாங்க

தம்பி துபாய்: எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நாங்க என்ன வெளி ஆளா

நான்: எனக்கும் அதுதான்

அத்தை லால்குடி: வெக்கம்டா. என்னைச் சொல்லச் சொன்னார். நீங்களே சொல்லுங்கண்ணேன்னுட்டேன். இந்த லட்சணத்துல சொல்லுவார்னு யாருக்குத் தெரியும்

இரவு 9.51

பெரியக்கா சென்னை: சர்டிபிகேட் என்கிட்ட இருக்கு. காலையில கூரியர்ல போடறேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன். நான் வந்து காலி பண்ற வரைக்கும் பீரோவை யாரும் தொடக் கூடாது. மார்கழி தெவசத்துக்கு அப்பா முன்னாடி நின்னு செய்யணும்

அத்தை லால்குடி: செய்வார். தெவசம் என்னிக்குன்னு அந்தம்மாவே கேட்டாச்சு

பெரியக்கா சென்னை: அவங்க எதுக்குக் கேக்கறாங்க

அத்தை லால்குடி: அன்னிக்கு உறையூர் போயிடறாங்களாம். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு

இரவு 10.04

பெரியக்கா சென்னை: போக வேணாம்னு சொல்லுங்க. அன்னிக்கு இருபது பேருக்கு இலை போடணும். நான் ஒருத்தியா அடுப்படியில கிடந்து சாக முடியாது