ரிசல்ட் நார்மல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ரந்தாவ் மகள்:

எங்கள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்தவர். மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் பக்கம். முதுகில் பம்பு, மூக்கைச் சுற்றி ஒரு பழைய துண்டு. கையுறை கொடுத்திருந்தார்கள். பதினொரு மணி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பம்பு அடித்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஏன் எப்போதும் வீட்டுக் கொடியிலேயே தொங்கியது என்று.

முதலில் நகம். வெள்ளையாகி, குறுக்கே கோடு விழுந்து, இரண்டு விரலில் கழன்றே போனது. அப்புறம் மூக்கில் ரத்தம். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்கும்போதே வரும், சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரான டிரஸ்ஸர் ‘சூடு, இளநீர் குடி’ என்றார். பட்டணத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். நார்மல். ‘வீட்டில் ஏதாவது கவலையா?’ என்று டாக்டர் என்னிடம் கேட்டார். கவலை இல்லாத வீடு எந்த லயத்தில் இருக்கிறது? அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறந்தாலே மண்டோர் (கங்காணி), ‘டாக்டரே ஒன்னுமில்லன்னுட்டாரு’ என்று முடித்துவிடுவார். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) இல்லை. போகாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

நான் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த ஃபார்மசிஸ்ட் அக்காவிடம் அந்தப் பழைய தாளைக் காட்டினேன். கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை அளக்கிற பரிசோதனை அது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் அந்த நொதியின் வேலை குறையும். அம்மா அடித்ததோ புல்லு மருந்து (களைக்கொல்லி), பாராகுவாட். அது எவ்வளவு பட்டிருந்தாலும் காட்டுவதற்கு ஏற்பட்ட பரிசோதனை இல்லை அது. நகம் கெடுவதும் மூக்கில் ரத்தம் வருவதும் பாராகுவாட் அடிப்பவர்களுக்கு வருபவை என்று மருத்துவ நூல்களிலேயே இருக்கிறதாம்! அறிவியலுக்குத் தெரியாத நோயொன்றும் இல்லை. ‘என்ன மருந்தும்மா அடிக்கிறீங்க?’ என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். அம்மா பம்பு சுமந்த காலத்தில் பெரும்பகுதி அந்த இடைவெளிதான்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். பேய், காத்து கருப்பு என்று நினைப்பவர்களும் எழுதலாம், இங்கே யாரும் கேலி செய்ய வேண்டாம். எண்ணெய், லேகியம் விற்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

லுக்குட் லோரிக்காரன்:

அக்கா, எங்கள் ஊர்ப் பக்கம் புக்கிட் பெலாண்டோக் பன்றிப்பண்ணைக் காய்ச்சல் கதையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. நான் அப்போது பள்ளிப் பையன். எங்கள் மாமா அங்கே பன்றிப் பண்ணையில் தீனி போடுகிற வேலை பார்த்தார். ஊரெல்லாம் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். சில நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான அடையாளம் கிடைத்ததும் உண்மைதான், அதனால் அதிகாரிகள் சும்மா சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மாமா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: ‘பன்னி இருமுது, நாய் குரைக்கிற மாதிரி. அதுக்கப்புறம்தான் ஆளு விழுறான். விழுறவனும் பண்ணையில வேலை செய்றவன்தான். கொசு ஆளு பாத்தா கடிக்குது?’ ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்ததெல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பண்ணையில் இருந்த யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். கடையில் பேசினால், ‘படிக்காதவன் பேச்சு’ என்று ஒரு சிரிப்பு.

ஈப்போ பக்கம் 1998 செப்டம்பர் கடைசியில் தொடங்கியது, 1999 மார்ச் வரை கொசுவையே துரத்தினோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்பவர் ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்து, இது வேறு என்று பிடித்தார். மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கே போய் உறுதி செய்தார்கள். உலகத்தில் அதுவரை பெயரே இல்லாத கிருமி. இங்கே உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். 265 பேருக்கு நோய், 105 பேர் போய்விட்டார்கள். மாமா தப்பினார். அவரோடு ஒரே கொட்டகையில் வேலை செய்தவர் தப்பவில்லை.

கண்டுபிடித்தவரும் அறிவியல்காரர்தானே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம். பொருந்தாத விஷயங்களை ஒதுக்காமல் பார்த்த அறிவியல்காரர்.

நைட் ஷிஃப்ட் தம்பி:

நான் எதிர்ப்பக்கம் பேசப் போகிறேன், மன்னிக்கவும். சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை. பகலில் தூங்கும்போது அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்காரும். கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, கதவோரம் ஒரு ஆள் நிற்பது தெரியும். பாட்டி தலையணைக்கடியில் கத்தி வைக்கச் சொன்னார். நண்பர்கள் ‘கஞ்சாவாடா?’ என்றார்கள். கிளினிக் டாக்டர் சிரிக்கவே இல்லை. கனவு வருகிற தூக்கத்தில் உடம்பை மூளை கட்டிப்போடுமாம், கட்டு அவிழ்வதற்கு முன்னால் முழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் என்றார். தூக்க நேரம் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வருமாம். ஒருக்களித்துப் படுக்கிறேன், குறைந்திருக்கிறது. கத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது, பாட்டிக்காக.

கோல பீலா அக்கா:

தம்பிக்குக் கிடைத்த டாக்டர் எனக்குக் கிடைக்கவில்லை. பல வருடமாக உடம்பு முழுக்க வலி. காலையில் எழுந்து கோப்பி கலக்கினாலே மணிக்கட்டு விண் விண் என்று தெறிக்கும். எக்ஸ்ரே சுத்தம், ரத்தம் சுத்தம். மாமியார், ‘வேலைக்குக் கள்ளம்’ என்று பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. கடைசியில் ஒரு சாமியாரிடம் போனோம். செய்வினை என்றார். தாயத்து, பூசை என்று என் சங்கிலி ஒன்று அடகுக்கடைக்குப் போனது. டாக்டர்கள் ஐந்து நிமிடம் தந்தார்கள், அந்த ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் சங்கிலியைக் கொடுத்தேன் போல.

பிறகு மூட்டுவலி நிபுணர் ஒருவர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்றார். அதை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றைக்கும் கிடையாது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு நாளாக, தூக்கம் எப்படி, அசதி எப்படி என்று கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மற்றப் பரிசோதனைகளெல்லாம் வேறு நோய் இல்லை என்று பார்க்க மட்டும். வலி போகவில்லை. மாத்திரையும் நடைப்பயிற்சியுமாக ஓடுகிறது. மாமியார் இப்போது அந்த இங்கிலீஷ் பெயரை என்னைவிட நன்றாக உச்சரிக்கிறார்.

பழைய வாத்தியார்:

எல்லாவற்றையும் படித்தேன். நம் நெகிரி செம்பிலான் கதை இன்னொன்று உண்டு, பெரிபெரி நோய். நூறு வருடத்துக்கு முன் ஈயச்சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, வீங்கி, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அனேகமாக வரவில்லை. நம் ஆள் தின்றது புழுங்கல் அரிசி, அவர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி. இங்கே அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், அரிசியில்தான் விஷயம் இருக்கிறது என்று எழுதினார். பலர் ஒப்பவில்லை, தொற்றுநோய் என்றார்கள். அவர் சொன்ன காரணமும் தவறுதான், கெட்டுப்போன அரிசியில் விஷம் என்று நினைத்தார். ஆனால் கை காட்டிய இடம் சரி. ஜெலுபு பக்கம் டுரியான் திப்புசில் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் 1907 வாக்கில் சோதித்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் நோய் வந்தது. தவிட்டில் இருந்த அந்தச் சத்தை, அதாவது வைட்டமின் பி1-ஐ, ஜாவாவில் பிரித்தெடுத்தது 1926-இல்.

அதனால், மகளே, காரணம் உங்கள் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக அவர் பார்த்தது பொய்யாகாது. அதே சமயம், அவர் சொல்கிற காரணத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

ரந்தாவ் மகள்:

வணக்கம் சார். நகம் வளர்ந்துவிட்டது. இருமல் இருக்கிறது. அது மருந்தாலா, அந்தக் காலத்து விறகடுப்பாலா என்று சொல்ல முடியாது என்கிறார் இப்போது பார்க்கும் டாக்டர். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அவர் கேட்டுவிட்டுச் சொன்னார். தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோவில் தொழில்நோய் என்று மனு போடலாமா என்று பார்க்கிறோம். எந்த மருந்து, எந்த வருடம் என்று காட்ட வேண்டுமே, அம்மாவிடம் சில சம்பளச் சீட்டுகள் மட்டும் இருக்கின்றன, அதில் மருந்தின் பெயர் இல்லை. ரந்தாவ், சிலியாவ் பக்கம் அம்மா காலத்தில் மருந்தடித்தவர்கள் யாராவது இருந்தால், பழைய செக்ரோல் (வருகைப் பதிவேடு), மருந்து டின்னில் ஒட்டியிருந்த லேபல், எதுவானாலும் சரி, எனக்குத் தனியாக எழுதுங்கள். மண்டோராக இருந்தவர்களும் எழுதலாம்.