249 கிராம் ட்ரோன்: ஆசைக்குப் பறக்கவிடுவதா, தொழிலாகத் தொடங்குவதா?

கல்மண்டபம்:
ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 23, பகலில் கூரியர் கிடங்கில் வேலை. இரண்டு மாதம் முன்பு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ட்ரோன் ஒன்றை வாங்கினேன். எடை 249 கிராம். ஞாயிறு காலைகளில் பதினோரு முறை பறக்கவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம். எங்கள் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், அடுத்த மாதம் ஒரு மாப்பிள்ளை அழைப்பை மேலிருந்து எடுத்துக் கொடுத்தால் 3,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் பாக்கி இருக்கிறது, அந்தப் பணம் பெரிய உதவி. ஆனால் ரிமோட்டின் குச்சியைப் பிடித்தால் கை இன்னும் நடுங்குகிறது. முதல் வருஷம் ஆசைக்கு மட்டும் பறக்கவிட்டுப் பழகுவதா, சான்றிதழ் வாங்கித் தொழிலாகவே தொடங்குவதா? 250 கிராமுக்குக் கீழே இருப்பதால் எந்த விதியும் கிடையாது என்று விற்றவர் சொன்னார். அது சரியா என்றும் சொல்லுங்கள்.

லோகோ பெரம்பூர்:
தம்பி, 3,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், தெரியும். இருந்தாலும் சொல்லிவிடு. நான் வெகு வருஷமாக ரேடியோவில் ஓட்டும் சிறு விமானங்களை வீட்டிலேயே செய்து பறக்கவிடுகிறவன். பதினோரு முறை என்றால், ஒரு பேட்டரிக்கு இருபது நிமிஷம் வைத்தாலும் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை அழைப்பு எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பார். பேண்டு செட், சரவெடி, தலைக்கு மேல் கேபிள் ஒயர், இரண்டு பக்கமும் சீரியல் லைட் கம்பம், நடுவில் குழந்தைகள். அவசரத்துக்கு இறக்க ஒரு சதுர அடி இடம் கிடைக்காது.

ஆசைக்கு ஓட்டும்போது காற்று கூடினால் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். காசு வாங்கிவிட்டால் போக முடியாது. “மாப்பிள்ளை இறங்கியாச்சு, ஏத்துப்பா” என்று நாலு பேர் கத்துவார்கள். மனசு வேண்டாம் என்று சொல்லும், கை ஏற்றிவிடும். ஒரு வருஷம் யாரிடமும் பத்துப் பைசா வாங்காமல் பழகு. அப்புறம் பார்க்கலாம்.

வடக்குவானம்:
லோகோ சாரின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. மாதவரத்தில் இருக்கிறேன், மூன்று வருஷமாக இந்தத் தொழிலில்தான் வீடு நடக்கிறது.

முதலில் விற்றவர் சொன்னது. அது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. இப்போது நடப்பில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைத் தொழில் நோக்கமில்லாமல் ஓட்டினால் தேவையில்லை, தொழிலுக்கு ஓட்டினால் தேவை. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் நானோவுக்கு விலக்கு உண்டு. ஆனால் வான எல்லையில் எந்த விலக்கும் கிடையாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடம் இருக்கிறது. அதில் சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும், மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை போகலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடிதான். மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம், ட்ரோன் 249 கிராம்தானே என்று யாரும் விடமாட்டார்கள்.

ராயபுரம் மீனம்பாக்கத்திலிருந்து தூரம், அதனால் கவலையில்லை என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நமக்குத் தலைவலி வேறு பக்கம். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் கோட்டையும் உயர்நீதிமன்றமும், வடக்கே போனால் மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், அங்கே இரண்டு துறைமுகம். தலைவர்கள் வரும் நாளில் போலீஸ் தனியாகத் தடை உத்தரவு போடுவதும் உண்டு. ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்கவேண்டும். போன வாரம் பார்த்தேன் என்பது செல்லாது.

இப்போது முக்கியமான விஷயம். விதியில் சொல்லும் எடை, சுமையையும் சேர்த்த எடை. கூட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவன் இறக்கைக்குக் காப்பு வளையம் போடாமல் ஓட்டக்கூடாது, அது மனசாட்சி. வளையத்தை மாட்டினால் உன் 249 கிராம் 250ஐத் தாண்டிவிடும். பெரிய பேட்டரி போட்டாலும் அப்படித்தான். அந்த நிமிஷமே உன் ட்ரோன் மைக்ரோ, வேலை தொழில், சான்றிதழ் கட்டாயம். ஜனங்களைக் காப்பாற்ற நினைத்தால் சட்டம் பயிற்சி கேட்கிறது. சட்டத்திலிருந்து தப்ப நினைத்தால் வெறும் இறக்கையோடு குழந்தைகள் தலைக்கு மேல் ஓட்டவேண்டும். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். படி, சான்றிதழ் வாங்கு, சின்ன வேலைகளில் தொடங்கு.

லோகோ பெரம்பூர்:
காப்பு வளையக் கணக்கு எனக்கும் புதுசு, நன்றி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. பயிற்சி நிறுவனங்கள் கேட்பது பல ஆயிரம் ரூபாய். தங்கைக்குக் கட்டணம் கட்டமுடியாத பையனிடம் அதைக் கட்டச் சொல்வீர்களா? அதுவும் சில நாள் வகுப்பு. சில நாளில் கை வராது.

வடக்குவானம்:
கை வராது சார், புத்தி வரும். நான் முதல் ஒன்றரை வருஷம் ஆசைக்குத்தான் ஓட்டினேன். யாரும் கேள்வி கேட்கவில்லை, அதனால் எல்லாக் கெட்ட பழக்கமும் வந்தது. பேட்டரி 15 சதவீதம் வரை இழுப்பேன். சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைச் சுற்றிலும் பார்த்து மாற்றமாட்டேன், வந்தபடி 30 மீட்டரிலேயே கிடக்கும். பயிற்சி மைதானத்தில் ஆசிரியர் திடீரென்று ஜிபிஎஸ் உதவியை அணைத்துவிட்டு “இறக்கு” என்றார். அதுவரை எனக்கு ஓட்டத் தெரியும் என்று நினைத்திருந்தேன். காற்று தள்ளத் தள்ள அது நழுவிக்கொண்டே போனது. அன்றுதான் நான் ஓட்டவில்லை, செயற்கைக்கோள்தான் ஓட்டிக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

தகுதியும் மலைபோல் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும், வயது 18 முதல் 65. பாஸ்போர்ட் வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் 10 வருஷம் செல்லும். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி தருகிறது. பணம் சேர ஆறு மாதம் ஆகட்டும். இலக்கு தொழில் என்று தெரிந்தால் அந்த ஆறு மாதமும் வேறு மாதிரி பழகுவான்.

தண்டையார்பேட்டை மாடி:
இரண்டு பேரும் ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் கீழே இருப்பவள்.

எங்கள் வீடு ஒண்டுக் குடித்தனம், ஆறு குடும்பம். மொட்டை மாடிதான் எங்களுக்கு ஹால். துணி, வடாம், தலை உலர்த்துவது, மே மாதம் தூங்குவது எல்லாம் அங்கேதான். மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, அம்மா தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் நின்றிருந்தார். ஒரு ட்ரோன் வந்து நேர் மேலே நின்றது. ஒரு நிமிஷம் இருக்கும். அம்மா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே ஓடி வந்தார். மூட்டு வலிக்காரர், படியில் விழாதது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஞாயிறு காலை மாடிக்குப் போவதில்லை. யார் ஓட்டியது என்று தெரியவில்லை, யாரிடம் போய்க் கேட்பது? கல்யாணத்துக்கு எடுக்கிறவரை ஸ்டுடியோவில் போய்ப் பிடிக்கலாம். ஆசைக்கு ஓட்டுகிறவரை எங்கே தேடுவேன்? லோகோ ஐயா, பழகட்டும் பழகட்டும் என்கிறீர்களே, பழகுவது எங்கள் தலைக்கு மேலேதானே?

கல்மண்டபம்:
அக்கா, அது நான் இல்லை, எனக்கு அப்போது ட்ரோனே கிடையாது. ஆனால் என் பதினோரு வீடியோவையும் இப்போது திரும்பப் பார்த்தேன். ஏழில் மாடிகள் தெரிகின்றன. இரண்டில் ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். அந்த இரண்டையும் அழித்துவிட்டேன்.

நாட்டுப்படகு:
நான் காசிமேடு. அக்கா சொல்வது நியாயம், ஆனால் காசுக்கு எடுக்கிறவர் என்றால் பொறுப்பாக இருப்பார் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு விளம்பரப் படத்துக்கு ஆட்கள் வந்து எங்கள் மாமாவின் படகை வாடகைக்கு எடுத்தார்கள். படகிலிருந்தே ஏற்றினார்கள். படகு ஓடிக்கொண்டிருக்கிறது, ட்ரோன் எங்கோ மேலே. சிக்னல் விட்டுப்போனதும் அது கிளம்பிய இடத்துக்குத் திரும்பியது. கிளம்பிய இடத்தில் படகு இல்லை, கடல்தான் இருந்தது. நிதானமாக இறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் தேடச் சொன்னார்கள், டீசலுக்குத் தகராறு. அவர்களும் காசு வாங்கியவர்கள்தான். டைரக்டர் நிற்கிறார், வெளிச்சம் போகிறது, ஏற்று ஏற்று என்ற அவசரம். லோகோ ஐயா சொன்னது அதுதான்.

தம்பிக்கு ஒன்று. நம் கரையில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். போகும்போது ட்ரோன் சும்மா வழுக்கிக்கொண்டு போகும், உனக்கு சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போது எதிர்காற்று, பேட்டரி பாதி வழியில் தீரும். முதலில் காற்றை எதிர்த்துப் போ, திரும்பும்போது அது தள்ளிவிடட்டும். மீன் இறங்கும் இடத்தில் பருந்தும் காக்கையும் ஏராளம், சின்ன ட்ரோனை விடாமல் துரத்தும். காற்றாடிக் காலத்தில் மாஞ்சா வேறு. தடை போட்டும் பறக்கவிடுகிறார்கள், நூல் திரையில் தெரியவே தெரியாது.

வடக்குவானம்:
அவசரப்படுத்துகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. எனக்கும் நடந்திருக்கிறது, ஒருமுறை முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த ஆட்களிடம் சான்றிதழ் இருந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. கிளம்பும் இடம் எது என்று பார்ப்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று. ஓடும் படகில் அதை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் சிக்னல் போனால் அப்படியே நிற்கும்படி வைக்கவேண்டும்.

அப்புறம், இங்கே யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. தம்பி, பறப்பது வேறு, படம் எடுப்பது வேறு. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி பக்கம் இருந்தால்தான் அசைவு இயல்பாக வரும். நம் ஊர் வெயிலில் அந்த ஷட்டரில் எல்லாம் வெளுத்துப்போகும், அதற்கு லென்ஸில் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். ஒரு ஷாட்டில் ஒரே அசைவு. முன்னே போகிறாய் என்றால் முன்னே மட்டும் போ, திருப்பாதே, ஏற்றாதே. உன் ட்ரோனின் சின்ன சென்சாரில் ராத்திரி ஊர்வலம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். 3,000 கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டு உன்னை மறுபடி கூப்பிடமாட்டார். இதையெல்லாம் காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத மைதானத்தில், வரைபடம் பச்சை காட்டினால், நூறு முறை செய். அதில் லோகோ சாரும் நானும் ஒன்றுதான்.

தண்டையார்பேட்டை மாடி:
ஆளில்லாத மைதானம் வட சென்னையில் எங்கே இருக்கிறது? காலை ஆறு மணிக்கு எல்லா மைதானத்திலும் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள்.

லோகோ பெரம்பூர்:
உண்மைதான் அம்மா. உங்கள் கேள்விக்கு முன்பே நான் பதில் சொல்லியிருக்கவேண்டும், மன்னிக்கவும். நாங்கள் அந்தக் காலத்தில் செங்குன்றம் தாண்டி வயல்வெளிக்குப் போவோம். பஸ்ஸில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு போவோம். பழகுவதற்கு ஊருக்கு வெளியே போகத்தான் வேண்டும், வீட்டு மாடியிலிருந்து ஏற்றிப் பழகுவது கூடாது. இதை ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்வேன்.

கல்மண்டபம்:
இன்று மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் காப்பு வளையத்தோடு வைத்துப் பார்த்தேன். 300ஐத் தாண்டிவிட்டது. ஸ்டுடியோ அண்ணனிடம் முடியாது என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். கொஞ்சம் கோபம். அப்புறம், அன்று கீழே கேமராவுக்கு லைட் பிடிக்க வா, 700 தருகிறேன் என்றார். போகிறேன். பயிற்சிக்குத் தனியாக ஒரு உண்டியல் வைத்திருக்கிறேன்.

லோகோ பெரம்பூர்:
நல்ல முடிவு தம்பி.

வடக்குவானம்:
தம்பி செய்தது சரி. ஆனால் ஊர்வலம் நின்றுவிடவில்லையே சார். அந்த அண்ணன் வேறொருவரைக் கூப்பிடுவார். அவர் வளையம் போடமாட்டார், வரைபடம் பார்க்கமாட்டார், 2,000க்கே ஒத்துக்கொள்வார். கவனமாக இருப்பவர்களை எல்லாம் ஒரு வருஷம் ஒதுங்கி நில்லுங்கள் என்றால் வானத்தில் யார் மிச்சம் இருப்பார்கள்? இதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

லோகோ பெரம்பூர்:
சொல்லவில்லை. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்தாலும் நாலு மணி நேரம்கூடப் பழகாத பையனை அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பச் சம்மதிக்க மாட்டேன்.

கல்மண்டபம்:
ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன், வரைபடம் பார்த்துவிட்டுத்தான். பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். யாராவது வருகிறீர்களா?

நாட்டுப்படகு:
மீன்பிடித் தடைக்காலம் ஓடுகிறது, ஜூன் 14 வரை எனக்குக் கடல் இல்லை. நான் வருகிறேன். எத்தனை மணிக்குப் பஸ்?