வாடகைக்கு இருப்பவர்களுக்குக் குப்பை ஸ்டிக்கர் எப்படிக் கிடைக்கும்?
வணக்கம். வட கரோலினாவில் உள்ள கேரியில் 6 வருஷம் அபார்ட்மென்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் பக்கத்துக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) காட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். இங்கே வாசலுக்குக் குப்பை லாரி வராது. நாமே காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் கவுண்டியின் சேகரிப்பு மையத்தில் போட்டுவிட்டு வர வேண்டும்.

சனிக்கிழமை டிக்கியில் 4 மூட்டையோடு போனேன். கார்க் கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு வரை மீன் நாற்றம். கட்டணம் வீட்டு வரியோடு வரும், ஓனரைக் கேள் என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. ஓனரோ போனை எடுப்பதில்லை. வாடகைக்கு இருக்கிறவர்கள் எதைக் காட்டி வாங்கினீர்கள்? லீஸ் போதுமா, கரண்ட் பில்லும் கேட்பார்களா?

இன்னொன்று. ரீசைக்கிளைப் பையில் கட்டிப் போடக்கூடாது, தரம் பிரிக்கும் மெஷினில் பை சுற்றிக்கொள்ளும் என்பது தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்ப வட கரோலினாவில் 2009-லிருந்தே தடை என்பதும் தெரியும். ஆனால் 20 பவுண்டு சோனா மசூரி அரிசி வரும் சாக்கு எதில் சேர்த்தி? வடை சுட்ட எண்ணெய் வேறு ஒரு கேன் சேர்ந்துவிட்டது. செப்டிக் டேங்க் வீடு, சிங்கில் ஊற்ற முடியாது. எங்கே கொடுக்கிறீர்கள்?

மூட்டைகளை வெளியே வைக்கவும் வழியில்லை. நேற்று ராத்திரி ரக்கூன் கிழித்து, கறிவேப்பிலைக் காம்பு வரை முற்றத்தில் பரப்பிவிட்டது. புதன்கிழமைக்குள் யாராவது சொன்னால் புண்ணியமாய்ப் போகும்.